மாசிலா மணி

அம்பத்தூரிலிருந்து ஆவடிக்கு ரயிலில் போகிறவர்கள் வழியில் திருமுல்லைவாயில் என்னும் ஸ்டேஷனைப் பார்த்திருப்பார்கள். அவ்வூர்க் கோவிலில் எழுந்தருளியிருக்கும் சுவாமிக்கு மாசிலாமணீசுவரர் என்று திருநாமம். மாசு இல்லாத மணி! அந்தப் பெயர் இந்த வாரம் முழுவதும் என் காதில் ஒலித்துக் கொண்டே இருந்தது. பக்திதான் காரணம் என்று சொல்லிக் கொள்ள ஆசையாயிருக்கிறது. ஆனால் உண்மையான காரணம் ஒரு மின்சார ஸ்கூட்டர்.

என் தம்பி சென்ற மாதம் அந்த வண்டியை வாங்கினான். பகலெல்லாம் அதில் ஊர் சுற்றிவிட்டு, இரவில் கூடத்தில் மாடிப்படிக்குக் கீழே நிறுத்தி, சார்ஜு போட்டுவிட்டுப் படுத்துக் கொள்வான். எங்கள் தாயாருக்கு எழுபது வயது கடந்து விட்டது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் வாயைத் திறந்தாள்.

"ஏனப்பா, அடுப்பை அணைக்காமல் படுக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இது ராத்திரி முழுதும் சிவப்புக் கண்ணை விழித்துக் கொண்டு நிற்கிறதே, இதைப் பக்கத்தில் வைத்துக் கொண்டு குழந்தைகள் தூங்கலாமா?"

தம்பி சிரித்தான். "அந்தப் பயமெல்லாம் பழைய பாட்டரிக்கு அம்மா! இனிமேல் திட பாட்டரி வரப் போகிறது. அது கல்லைப் போன்றது. அதற்குள் ஷார்ட் சர்க்கியூட்டும் கிடையாது, நெருப்பும் கிடையாது" என்றான்.

"வரப் போகிறது இருக்கட்டும். இப்போது வந்திருப்பது எது?" என்று கேட்டாள் அம்மா.

பிறகு இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக் கொடுப்பவனுக்கு இதுதான் சங்கடம். வீட்டிலும் பரீட்சை எழுத வேண்டியிருக்கிறது. அன்று நான் சொல்லத் தவறிய விடையை இன்று நேயர்களுக்குச் சமர்ப்பிக்கிறேன்.

அம்மாவின் பயத்தை வீண் பயம் என்று தள்ளிவிட முடியாது. 2022-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில், வேலூரில் ஒரு வீட்டில் இரவு சார்ஜு போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றி, ஒரு தகப்பனாரும் அவருடைய சிறு பெண்ணும் புகையில் மூச்சுத் திணறி மாண்டு போனார்கள். அந்த வருஷத்தில் வேறு ஊர்களிலும் பல வண்டிகள் எரிந்தன. ஒவ்வொன்றுக்கும் காரணம் ஒன்றேயல்ல. ஆனால் பாட்டரிக்குள் தீ மூளும் வழிகளில் மிகவும் பொல்லாதது, வெளியே எந்த அடையாளமும் காட்டாமல் உள்ளேயே உண்டாகும் குறுக்குச் சுற்று.

பாட்டரியின் உள்ளே நடப்பதை இப்படி எண்ணிப் பாருங்கள். ஒரு வீட்டில் இரண்டு கட்டு இருக்கிறது. நடுவே ஒரு மெல்லிய திரை. திரையின் அடியில் நுழைந்து குழந்தைகள் இங்குமங்கும் ஓடலாம். பெரியவர்களுக்கு அந்த வழி இல்லை; அவர்கள் வாசல் வழியாக வெளியேறி, தெருவைச் சுற்றிக் கொண்டுதான் மறு கட்டுக்குப் போக வேண்டும். குழந்தைகள் என்று நான் சொல்வது லிதிய அயனிகளை. பெரியவர்கள் எலெக்ட்ரான்கள். அவர்கள் தெருவைச் சுற்றிப் போகும்போதுதான் வழியிலுள்ள மோட்டாரைச் சுழற்றுகிறார்கள்; நமக்கு வண்டி ஓடுகிறது.

அந்தத் திரை பிளாஸ்டிக்கினால் ஆனது. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஏறக்குறைய இருபது பங்கு. தலைமயிரின் கனத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. அதை நனைத்துக் கொண்டிருக்கும் திரவமோ எளிதில் தீப்பற்றும் இனம். திரையில் ஓர் ஊசித் துவாரம் விழுந்தால் போதும். பெரியவர்கள் தெருவை மறந்து, அந்தத் துவாரத்தின் வழியாகவே முட்டி மோதிக் கொண்டு பாய்வார்கள். அவ்விடம் சூடேறும். சூடு ஏறக்குறைய 130 டிகிரியைத் தாண்டினால் திரையே உருகத் தொடங்கும். திரை உருகினால் துவாரம் வாசலாகும். வாசல் பெரிதானால் சூடு இன்னும் மிகும். அதன் பிறகு ரசாயனப் பொருள்கள் தாமே ஒன்றையொன்று சுடத் தொடங்கி விடும். தண்ணீர் ஊற்றுவதற்குள் காரியம் முடிந்து விடுகிறது.

இந்தத் துவாரம் எப்படி விழுகிறது? பெரும்பாலும் பாட்டரி பிறக்கும் இடத்திலேயே, தொழிற்சாலையிலேயே, அதற்கு விதை போடப்படுகிறது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் என் பழைய மாணவர் ஒருவர் லேத்துப் பட்டறை வைத்திருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தேன். துளை போட்ட ஒரு பித்தளைச் சாமானை என் கையில் கொடுத்து, "விளிம்பைத் தடவிப் பாருங்கள், சார்" என்றார். மயிர்க்கால் போல ஏதோ விரலில் குத்தியது. "இதுதான் பிசிறு. கண்ணுக்குத் தெரியாது. இதை எடுக்காமல் ஒரு சாமானைக்கூட நான் வெளியே அனுப்புவதில்லை" என்று சொல்லி, சின்ன அரத்தினால் ஓர் இழுப்பு இழுத்தார். பிசிறு போய்விட்டது.

உலகப் பிரசித்தி பெற்ற ஸாம்ஸங் கம்பெனி 2016-ல் தன்னுடைய நோட் 7 டெலிபோன்களை லட்சக் கணக்கில் திருப்பி வாங்கிக் கொள்ள நேர்ந்ததற்கு, என் மாணவர் அரத்தினால் போக்கிய அந்தப் பிசிறும் ஒரு காரணம் என்றால் நம்புவீர்களா? 2017 ஜனவரியில் அந்தக் கம்பெனியே தன் ஆராய்ச்சி முடிவை வெளியிட்டது. இரண்டு இடங்களிலிருந்து பாட்டரி வாங்கியிருந்தார்கள். ஒருவகைப் பாட்டரியில் உள்ளிருந்த தகட்டின் மூலை வளைந்திருந்தது. மற்றொன்றில் பற்றவைத்த இடத்தில் நின்ற உலோகப் பிசிறு திரையைக் குத்திக் கிழித்து விட்டது. 2021-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், சுமார் 1,40,000 போல்ட் மோட்டார் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ஒரே கலத்தில் தகட்டின் முனை கிழிந்தும், திரை மடிந்தும் இருந்ததுதான் காரணம். மடிப்பு, பிசிறு, ஒரு துளி உலோகத் தூசி - இவ்வளவுதான் குற்றவாளிகள்.

இவையன்றி நாலாவது குற்றவாளி ஒருவன் உண்டு. அவன் பிறவியிலே வந்தவனல்ல, பிறகு வளருகிறவன். பாட்டரியை மிதமிஞ்சிய வேகத்தில் சார்ஜு செய்தால், லிதியம் சமமாகப் படியாமல் செடியின் வேரைப் போலக் கிளைத்து வளரும். அந்த வேர் திரையைத் துளைத்துக் கொண்டு மறு கட்டை எட்டினால் தீர்ந்தது சமாசாரம். 1980-களின் இறுதியில் கானடாவின் மோலி எனர்ஜி என்னும் கம்பெனி, சுத்த லிதிய உலோகத்தையே வைத்துப் பாட்டரி செய்து விற்றது. 1989-ல் ஜப்பானில் அத்தகைய பாட்டரி வைத்த டெலிபோன் தீப்பற்றவே, சரக்கு முழுவதையும் திரும்ப வாங்க நேர்ந்தது. கம்பெனியும் நொடித்துப் போயிற்று. ஆகையினால்தான் 1991-ல் ஸோனி கம்பெனி விற்பனைக்குக் கொண்டு வந்த பாட்டரியில் லிதிய உலோகத்தை விலக்கிக் கரியை வைத்தார்கள். இன்று நம் சட்டைப் பையிலும் ஸ்கூட்டரிலும் இருப்பது அந்த வமிசம்தான்.

ஆனாலும் லிதிய உலோகத்தின் மேல் விஞ்ஞானிகளுக்கு ஆசை விடவில்லை. அதே எடையில் மிகவும் அதிக சக்தியைத் தாங்கும் பொருள் அது. வேரைத் தடுக்க ஒரு வழி கண்டால் போதும். பிளாஸ்டிக் திரைக்கும் எரியும் திரவத்துக்கும் பதிலாக, அயனிகளை மட்டும் வழிவிட்டு மற்றெதையும் மறிக்கும் ஒரு கற்சுவரைக் கட்டிவிட்டால் என்ன? இதுதான் திட பாட்டரியின் தத்துவம்.

இந்த எண்ணம் நேற்றுத் தோன்றியதல்ல. திடப் பொருளுக்குள்ளும் அயனிகள் நடமாடும் என்பதற்கு அடையாளத்தை மைக்கேல் பாரடே 1830-களிலேயே கண்டார். 1972-ல் இத்தாலியில் ஒரு நோயாளியின் உடலில், இருதயத்தைத் துடிக்கச் செய்யும் கருவியை லிதியமும் அயோடினும் சேர்ந்த திட பாட்டரியுடன் வைத்தார்கள். அதன் அழகு என்னவென்றால், நடுச்சுவரில் விரிசல் கண்டாலும் லிதியமும் அயோடினும் அவ்விடத்தில் கூடி மறுபடியும் சுவராகவே உறைந்து விரிசலை அடைத்து விடும். ஆனால் அந்தப் பாட்டரி சொட்டுச் சொட்டாகத்தான் மின்சாரம் கொடுக்கும். மறுபடியும் சார்ஜு செய்யவும் முடியாது. இருதயத்துக்கு அது போதும், ஸ்கூட்டருக்குப் போதாது.

இனிமேல் நான் சொல்லப் போவதைப் படிக்கும்போது நேயர்கள் சற்றே நிமிர்ந்து உட்கார்ந்து கொள்ளலாம். ஜெர்மனியில் கீல் என்னும் துறைமுக நகரத்தின் பல்கலைக்கழகத்தில் வெர்னர் வெப்னர் என்ற பேராசிரியர் இருந்தார். அவருடன் வெங்கட்ராமன் தங்கதுரை என்பவர் ஆராய்ச்சி செய்து, கார்னெட் இனக் கல்லின் அமைப்புள்ள சில பொருள்களில் லிதிய அயனிகள் தாராளமாக நடமாடுகின்றன என்பதை 2003-ல் வெளியிட்டார். நவரத்தினங்களில் ஒன்றாகிய கோமேதகம் இந்தக் கார்னெட் இனத்தைச் சேர்ந்ததுதான். 2007-ல் இராமசாமி முருகன், தங்கதுரை, வெப்னர் ஆகிய மூவரும், லிதியம், லாந்தனம், ஸிர்கோனியம், ஆக்ஸிஜன் என்னும் நான்கும் கூடிய ஒரு புதிய கார்னெட்டை அறிவித்தார்கள். லிதிய உலோகத்தின் பக்கத்திலே வைத்தாலும் எளிதில் கெட்டுப் போகாத கல் அது. உலகத்தின் பெரிய ஆராய்ச்சிச் சாலைகளெல்லாம் இன்று இந்தக் கல்லை உரசிப் பார்த்துக் கொண்டிருக்கின்றன. முருகன் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும், தங்கதுரை கானடாவின் கால்கரிப் பல்கலைக்கழகத்திலும் இந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்து வளர்த்தார்கள்.

இந்தக் கல்லின் சரித்திரத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஒரே கலவையை ஒருவர் சுட்டால் அயனிகள் வேகமாக ஓடும் கல் கிடைத்தது. இன்னொருவர் சுட்டால் அதில் நூற்றில் ஒரு பங்குதான் வேகம். மர்மம் 2011-ல் வெளிப்பட்டது. கலவையைச் சுட்ட மூசை அலுமினிய ஆக்ஸைடினால் ஆனது. 1,200 டிகிரிச் சூட்டில் மூசையிலிருந்து இம்மியளவு அலுமினியம் கல்லுக்குள் புகுந்து, நல்ல அமைப்பைக் குலையாமல் நிறுத்தி வைத்திருக்கிறது! பாத்திரத்தின் குணம் பண்டத்தில் இறங்குவது நம் வீட்டுப் பெண்மணிகளுக்குப் புதிதல்ல. ஈயச் சொம்பில் வைத்த ரசத்துக்கு ருசி வேறு என்று அவர்கள் எப்போதோ சொல்லியிருக்கிறார்கள்.

ஆகவே தம்பி சொன்னது சரியாகி விட்டதா? கல் கிடைத்து விட்டது. குறுக்குச் சுற்று ஒழிந்தது என்று சொல்லிவிடலாமா? இல்லை. இங்கேதான் விஞ்ஞானிகள் திடுக்கிட்டுப் போனார்கள். கல்லையும் லிதியம் துளைத்தது.

பாழடைந்த கோபுரங்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பறவை போட்ட ஓர் அரச விதை கல்லிடுக்கில் விழுகிறது. வேர் கல்லைத் துளைப்பதில்லை. ஏற்கெனவே இருக்கும் இடுக்கைத்தான் தேடிப் பிடிக்கிறது. பிறகு அதை அகட்டி அகட்டிக் கோபுரத்தையே பிளந்து விடுகிறது. லிதியம் செய்வதும் அதுவே. அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த யெட்-மிங் சியாங்கும் அவருடைய குழுவினரும் 2017-ல் இதைக் காட்டினார்கள். கல்லின் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய கீறலுக்குள் லிதியம் நுழைந்து, நெருக்கி, விரிசலை நீட்டுகிறது. 2021-ல் ஆக்ஸ்போர்டில் பீட்டர் புரூஸின் குழுவினர், விரிசல் முன்னே ஓட லிதியம் பின்னே நிரம்புவதைப் படம் பிடித்தே காட்டினார்கள். சார்ஜு செய்யும் வேகம் ஓர் எல்லையைத் தாண்டும்போதுதான் இது தொடங்குகிறது. மாசு குறையக் குறைய அந்த எல்லை உயருகிறது.

"திடம்" என்ற சொல்லும் ஒரு மந்திரமன்று. பாரிஸ் நகரில் 2022 ஏப்ரலில், பிளாஸ்டிக் இனத்தைச் சேர்ந்த திடப் பொருளை நடுவே வைத்த பாட்டரிகளால் ஓடிய பஸ்கள் இரண்டு அடுத்தடுத்து எரிந்தன. அவ்வகையைச் சேர்ந்த 149 பஸ்களை ஓட்டத்திலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

ஆகையால் முழுக் காரியமும் பொருளைக் கண்டுபிடிப்பதில் இல்லை. அதை மாசில்லாமல் செய்வதில் இருக்கிறது. அதில் உள்ள சிரமத்தை அப்பளம் இட்ட கைகள் உடனே அறிந்து கொள்ளும். கார்னெட்டை மாவாக அரைத்து, பசையுடன் குழைத்து, மெல்லிய தாளாகப் பரப்பி, உலர்த்தி, சூளையில் சுட வேண்டும். ஆயிரம் டிகிரிக்கு மேல் போனால் லிதியம் ஆவியாகிப் பறந்து விடும். அதைத் தடுக்க அதே மாவினால் மூடிச் சுடுகிறார்கள். சூடு குறைந்தால் உள்ளே குமிழி நிற்கும். குமிழி நின்றால் வேருக்கு இடுக்குக் கிடைத்து விட்டது. தாள் கனமாயிருந்தால் பாட்டரியின் எடை ஏறும். மெல்லியதாயிருந்தால் அப்பளம் போலவே கைபட்டு விண்டு போகும். திரவமானால் எல்லா இடுக்கிலும் தானே பரவும். கல்லும் தகடுமோ இரண்டு செங்கற்களை ஒன்றின் மேல் ஒன்று வைத்தது போல, அங்கங்கே மட்டும்தான் தொடும். தொட்ட இடத்தில் மின்சாரம் நெருக்குவதால் அங்கேதான் வேரும் முதலில் கிளம்புகிறது.

காற்றும் விரோதி. ஈரக் காற்று பட்டால் கார்னெட்டின் மேல் லிதியக் கார்பனேட்டுப் படலம் படிந்து விடும். பிறகு லிதியம் அதில் ஒட்டாது. ஜப்பானில் டொயோட்டா கம்பெனி நாடும் கந்தகச் சேர்மான வகைக்கு ஈரம் பட்டால், அழுகிய முட்டை நாற்றமுள்ள நச்சு வாயுவே கிளம்பும். ஆகவே பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரி வரை குளிர்வித்தாலும் ஒரு பனித்துளி கட்டாத அவ்வளவு வறண்ட காற்றுள்ள அறையில்தான் இவ்வேலைகள் நடக்க வேண்டும். உள்ளே இருப்பவர்களின் மூச்சிலுள்ள ஈரம்கூடக் கணக்கில் சேரும். ஐப்பசி மாதத்தில் அம்பத்தூரில் உப்பு ஜாடியைத் திறந்து பார்த்தவர்களுக்கு, இங்கே அத்தகைய அறையைக் காப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் காரியம் நம்மால் ஆகுமா? ஆகும் என்பதற்கு எனக்குச் சில ஆதாரங்கள் தெரிகின்றன. சுதந்தரம் வந்த மறு வருஷமே, 1948 ஜூலையில், காரைக்குடியில் மத்திய மின்ரசாயன ஆராய்ச்சிக் கழகத்துக்கு நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். அதற்கு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1953-ல் திறக்கப்பட்ட அந்தக் கழகம் லிதியப் பாட்டரி செய்யும் முறையையும் ஆராய்ந்து வந்திருக்கிறது. அம்பத்தூரை அடுத்த பாடியில், 1960-களின் தொடக்கத்திலிருந்து மோட்டார் வண்டிகளின் மின்சார உறுப்புகளைச் செய்துவரும் லூகாஸ்-டிவிஎஸ் கம்பெனி, 2020 டிசம்பரில் அமெரிக்காவின் 24எம் கம்பெனியோடு ஓர் ஒப்பந்தத்தை அறிவித்தது. சென்னைக்கு அருகே பாதித் திடமான பாட்டரி செய்வதற்கு உரிமை பெறும் ஒப்பந்தம் அது. கல்லுக்குள் விரிசலைக் காட்டிய அதே சியாங்தான் 24எம் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர். அவர்கள் முறையில் தகடுகளைப் பூசி உலர்த்துவதில்லை. மின்பொருளைத் திரவத்தோடு களிமண்ணைப் போலக் குழைத்து அப்படியே அப்புகிறார்கள். வேலையின் படிகள் குறைகின்றன; ஆனால் திரவமும் திரையும் நீங்கி விடுவதில்லை. இதையும் கற்சுவர்ப் பாட்டரியையும் ஒன்றென்று எண்ணிவிடக் கூடாது.

இவற்றையெல்லாம்விட எனக்கு நம்பிக்கை தருவது என் மாணவர் கையிலிருந்த அரம்தான். 1964-ல் அம்பத்தூர் எஸ்டேட்டு தோன்றியது. ஆவடியில் 1961 முதல் யுத்த டாங்கிகள் செய்யும் தொழிற்சாலை நடந்து வருகிறது. இந்தப் பக்கத்தில் இரண்டு மூன்று தலைமுறையாக, விரலால் தடவிப் பிசிறை அறியும் மனிதர்கள் உண்டாகி இருக்கிறார்கள். விலை கொடுத்து யந்திரத்தை வாங்கலாம். "பிசிறு எடுக்காமல் அனுப்புவதில்லை" என்ற பிடிவாதத்தை வாங்க முடியாது. கல்லைக் கண்டவர்களில் நம்மவர் இருந்தார்கள் என்று மார்தட்டிக் கொண்டு, அந்தக் கல்லினால் ஆன பாட்டரியை அயல் நாட்டிலிருந்து இறக்குமதி செய்வோமானால், அந்தப் பெருமை நமக்கு என்னத்துக்கு?

அதுவரையில் நம் வீட்டுக் கூடத்தில் நிற்பது பழைய பாட்டரிதான். அதற்கும் சர்க்கார் 2022 டிசம்பரிலிருந்தும் 2023 மார்ச்சு இறுதியிலிருந்தும் இரண்டு கட்டமாகக் கடுமையான விதிகளைக் கொண்டு வந்தார்கள். ஒரு கலத்துக்குள் குறுக்குச் சுற்று ஏற்பட்டால் தீ மற்றக் கலங்களுக்குப் பரவுகிறதா என்ற பரீட்சையும் அவற்றில் சேர்ந்திருக்கிறது. விதி தொழிற்சாலையைக் காக்கும்; வீட்டை நாம்தான் காக்க வேண்டும். வண்டியோடு வந்த சார்ஜரையே உபயோகியுங்கள். உப்பிப் போன பாட்டரியையும், அடிபட்ட பாட்டரியையும் தொட்டுச் சோதிக்காமல் விற்றவரிடமே காட்டுங்கள். மாடிப்படியின் கீழும் வெளியேறும் வழியிலும் வைத்துச் சார்ஜு போடாதீர்கள். தூங்கும் நேரத்தில் அறவே வேண்டாம்.

இதை எழுதி முடித்ததும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வரை பொறுமையாகக் கேட்டாள். "அப்படியானால் நான் சொன்னதுதானே சரி?" என்றாள். ஆமாம் என்று ஒப்புக் கொண்டேன். தம்பி அன்று சாயங்காலமே வண்டியை வாசல் தாழ்வாரத்துக்குத் தள்ளிக் கொண்டு போனான். இப்போது விளக்கு வைத்த நேரத்தில், எல்லோரும் விழித்திருக்கும்போதே, அதற்குச் சார்ஜு ஏறுகிறது. மாசிலா மணி நம் ஊர்ப் பட்டறைகளிலிருந்து வரும் நாளில் அதை மறுபடியும் கூடத்துக்குள் அழைத்துக் கொள்ளலாம் என்று அம்மா அனுமதி கொடுத்திருக்கிறாள்.